தும்மினால் மணி அடிக்கவும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். யாருக்கும் காய்ச்சல் இல்லை என்பதைத் தனியாகவே எழுதிவிடுகிறேன். தங்கச்சியும் குழந்தையும் நலமா? அடுத்த மாதம் நானும் என் வீட்டுக்காரியும் குழந்தை முகம் பார்க்க வருவது உறுதி. தாய்மாமன் வராமல் இருப்பேனா? டிக்கெட் எடுத்தாச்சு.

உங்கள் நாட்டிலிருந்து உங்கள் கம்பெனி மூலம் எங்கள் லாட்ஜுக்கு வர வேண்டிய சுற்றுலாக் கூட்டம் தயங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே காய்ச்சல் என்று அவர்கள் டிவியில் பார்த்தார்களாம். காய்ச்சல் எங்கே இருக்கு? இங்கேர்ந்து ரயில் ஏறினா மறுநாள் சாயங்காலம்தான் அந்தக் காய்ச்சல் வந்த ஊர் வரும். அவங்களுக்கு எங்க நாடே ஒரு தெருதான் போல. இந்த சீசனும் படுத்துட்டா லாட்ஜைப் பூட்ட வேண்டியதுதான் மாப்பிள்ளை.

சரி, தங்கியிருக்கிறவங்களாவது பயப்படாம இருக்கட்டும்னு நானே ஏற்பாடு பண்ணினேன். வாசல்லயே நெத்தியில கருவி வச்சுக் காய்ச்சல் பார்த்தோம், பெட்டிக்கெல்லாம் மருந்து அடிச்சோம், சமையல்காரர் தலையிலேர்ந்து கால்வரைக்கும் பிளாஸ்டிக் மாட்டிக்கிட்டு ரொட்டி பரிமாறினார். "இங்க எத்தனை பேர் செத்தாங்க?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. "இன்னைக்கு வரைக்கும் யாரும் இல்லைம்மா"ன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன், அவங்க பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. யாராவது தும்மினா மணி அடிக்கணும்னு கூட்டிப் பெருக்குற அக்காகிட்ட சொல்லி வச்சிருந்தேன். படிக்கட்டு பூரா பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கழுவினதும் நான்தான். அந்த நெடியில மாடி அறைப் பெரியவர் தும்மினார், அக்கா மணி அடிச்சாங்க, என்ன சத்தம்னு கதவைத் திறந்தவங்களும் வரிசையாத் தும்மினாங்க. அக்கா சொன்ன சொல் தவறாதவங்க, கை ஓயாம அடிச்சாங்க. மத்தியானத்துக்குள்ள லாட்ஜ் காலி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தீங்கன்னு என் வீட்டுக்காரி இன்னும் திட்டுறா.

ஆகவே அந்தக் கூட்டத்தாருக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். டிவியில் யாரோ சொன்னதை நம்பி, போட்ட பயணத்தை மாற்றுவது படித்தவர்களுக்கு அழகல்ல. மேப்பை விரித்துத் தூரத்தைக் காட்டுங்கள்.

குழந்தை நோய்நொடி அண்டாமல் வளரட்டும். தங்கச்சிக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது டிவி ஓடிக்கிட்டிருந்தது. உங்க நாட்டுல ஏதோ ஒரு ஊர்ல காய்ச்சலாம். உங்க வீட்டுலேர்ந்து ரொம்பத் தூரம்னுதான் காட்டினான், இருந்தாலும் நாடு ஒண்ணுதானே. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டோம். தங்கச்சிகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க. குழந்தை போட்டோவைப் போன்லயே அனுப்புங்க, தபால்ல வேண்டாம்.