மறுத்தார் என்று எழுதப்பட்டவன்

எனக்கு அடக்கம் என்ற குணம் வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் வந்தது. வந்த வேகத்தில் என்னைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டது.

அறுபதுகளின் தொடக்கம். தர்மபுரத்தில் குடியேற்றத் திட்டக் காணியில் நெல்லையும் கட்சியையும் ஒன்றாக வளர்த்துக்கொண்டிருந்தேன். (நெல் சரியாக வளரவில்லை.) கட்சிக்குப் புதுத் தலைவரைத் தெரிவு செய்ய வவுனியாவில் மாநாடு கூட இருந்தது. அங்கே வாக்களிக்க ஒவ்வொரு கிளையும் இரண்டு பேராளரை அனுப்பலாம். ஒரு இடம் விதிப்படி கிளைத் தலைவருக்கு. மற்றது எனக்குத்தான் என்று நானே முடிவு செய்து ஊருக்கும் அறிவித்துவிட்டேன்.

காரணம் இருந்தது. எனக்குப் பேசியிருந்த பெண் மகேஸ்வரியின் தகப்பனார், வவுனியாக் கிளையின் பேராளர். "தம்பியை மாநாட்டிலை பேராளராய்ப் பாத்தபிறகு நாள் வைப்பம்" என்று சொல்லியனுப்பியிருந்தார். ஆக, என் கல்யாணமே மாநாட்டில் பேராளர் உட்காரும் ஒரு கதிரையில் தங்கியிருந்தது. அந்தக் கதிரைக்கென்றே வெள்ளைச் சட்டை ஒன்று தைப்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பள்ளிக்கூடக் கொட்டிலில் கூட்டம். எங்கள் கிளைத் தலைவர் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர். கொழும்பில் பாதி ஆயுளைக் கழித்தவர். கட்சி விதிப் புத்தகத்தைத் தவிர அவருக்கு வேறு தெய்வமில்லை. முதல்நாள் ஒத்திகை பார்த்தபடி, என் கூட்டாளி கந்தையா எழும்பி என் பெயரை முன்மொழிந்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சோறு போட்டாலும் பதவி போட்டாலும் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் வற்புறுத்த வேண்டும். இன்னொரு தரம் மறுத்துவிட்டு, கடைசியில் அவர்களின் கரைச்சல் தாங்காமல் இணங்குவதுபோலத் தலையாட்ட வேண்டும். ஒரு பந்தியிலாவது இருந்து சாப்பிட்டவனுக்கு இது தெரியும்.

நானும் நிலத்தைப் பார்த்தபடி, "எனக்கேன் உந்தப் பெரிய பொறுப்பு, வேற ஆரையும் போடுங்கோ" என்றேன்.

கந்தையா வற்புறுத்த வாயைத் திறந்தான். அதற்குள் தலைவர், "மறுத்தார்" என்று சொல்லிக்கொண்டே கூட்டக் குறிப்பில் எழுதிக் கீழே கோடும் இழுத்துவிட்டார். "அடுத்த பேர்?"

பதறியடித்து எழும்பினேன். மறுத்தவரைத் திரும்பச் சேர்க்க விதியில் இடமில்லை என்றார் தலைவர். யாரோ கந்தையாவின் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பண்பாடு கெட்டவன் பெயர் சொல்லி முடியுமுன்பே "ஓம்" என்றான். போதாததற்கு என் வெள்ளைச் சட்டையையும் இரவல் கேட்டான். (கொடுத்தேன். வேறென்ன செய்வது?)

மாநாட்டுக்கு நானும் போனேன், தொண்டனாக. மத்தியானப் பந்தியில் மகேஸ்வரியின் தகப்பனார் இருந்தார். என் கையில் சாம்பார் வாளி. அவர் இலையைக் கையால் மறைத்து "காணும்" என்றார். ஊற்றினேன். திரும்பவும் "காணும்" என்றார். திரும்பவும் ஊற்றினேன். எங்கள் முறை அதுதானே. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி பேராளர் எண்டெல்லோ சொன்னவை?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரைக்கேறியது. அடுத்த மாதமே நாள் வைத்தார். ஆனால் கதையை வீடு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

அன்று கட்சித் தலைவராக வந்தவரை இன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. நான் மறுத்தது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம். இன்றைக்கும் சாப்பிடும்போது மரியாதைக்கு ஒருதரம் "காணும்" என்றால் போதும், மகேஸ்வரி சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவா. உள்ளே போய் நின்று, பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொல்லுவா:

"மறுத்தார்."