நாலு புதன்கிழமை, ஒரு சேணம்

சேணத்தின் முன் ஓரத்துக்கு அடியில் உள்ளங்கை தாராளமாகப் போய்வர வேண்டும். இன்பராஜுக்கு விரல் நுனிகூட நுழையவில்லை. போன புதன்கிழமை இதே சேணம், இதே இடம், இதே கை. சிரமமில்லாமல் போய்த் திரும்பி வந்தது.

"பாய், இன்னா இது? ஒரே வாரத்துல இப்படி ஊதிட்டா?"

குதிரைக்காரர் சத்தார் வாயிலிருந்த வெற்றிலையை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றினார். அவருக்கு அவசரம் என்பதே கிடையாது.

"கல்யாண சீசன் சார். போற எடத்துலல்லாம் ஆளாளுக்கு ஊட்டி வுடறாங்க. இவளும் போதும்னு சொல்ல மாட்டா."

இன்பராஜ் இன்னொரு முறை கையை நுழைத்துப் பார்த்தான். சேணம் குதிரை மேல் உட்காரவே இல்லை. சின்னத் தொப்பியைப் பெரிய தலை மேல் வைத்த மாதிரி அந்தரத்தில் நின்றது. அவனுடைய வேலையே அந்த ஒரு கை இடைவெளியில்தான் இருந்தது.

ஆம்பூரில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலை இங்கிலாந்துக்குச் சேணம் அனுப்பியது. அங்கே யாருக்காவது சேணம் வழுக்கினால், குதிரைக்கு முதுகு உரசினால், கம்பெனிக்கு மெயில் வரும். பதில் போடுவது இன்பராஜ். 'அன்புள்ள அம்மையீர், தங்கள் குதிரையின் முதுகில் அன்போடு கை வைத்துப் பாருங்கள்' என்று இரண்டு வருஷமாக உலகத்துக்கே எழுதிக்கொண்டிருந்தான். போன வாரம் வரை அவன் எந்தக் குதிரை மேலும் கை வைத்ததில்லை. தெருவில் குதிரை வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறவன்.

தோல் என்றால் வேறு விஷயம். கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, ஆடா மாடா, கழுத்தா வயிறா, எந்த டேனரியில் பதனிட்டது என்று சொல்லிவிடுவான். தோலுக்குள்ளே ஆள் இருந்தால்தான் அவனுக்குக் கொஞ்சம் தடுமாற்றம்.

இதற்கு முன் பத்து வருஷம் ராணிப்பேட்டையில் பச்சைத்தோல் குடோனில் இருந்தான். அந்த நாற்றம் சட்டையை விடாது. அவன் மனைவி ஹெலன் அவன் துணிக்கென்று தனி பக்கெட், தனி கொடி, தனி சோப்பு வைத்திருந்தாள். அவனைக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவாள். சேணப் பிரிவுக்கு மாற்றல் வந்த அன்றைக்கு அந்தப் பக்கெட்டை எதிர்வீட்டுக்குத் தானம் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. வாசலிலேயே காபி கொடுத்த பெண் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறாள் என்றால் சும்மாவா?

அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இப்போது ஆபத்து. சேணம் வாங்கி விற்கும் இங்கிலாந்துக்கார ஜோன் மேடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒரே சேணம், ஒரே குதிரை, நாலு வாரம். வாரா வாரம் பொருத்திக் காட்டி வீடியோ அனுப்ப வேண்டும். நாலாவது வாரமும் சரியாக உட்கார்ந்தால் பெரிய ஆர்டர்.

"ஆர்டர் வந்தா நீதான் ஃபிட்டிங் இன்சார்ஜ்" என்று மேனேஜர் ஷபீ அஹமது தோளில் தட்டிச் சொன்னார். அதே கையால் இன்னொரு தட்டு. "வரலைன்னு வெச்சுக்கோ, இந்த செக்‌ஷனே கிடையாது. நீ பழையபடி ராணிப்பேட்டை."

ஆம்பூரில் குதிரைக்கு எங்கே போவது? பேரணாம்பட்டு சத்தார்தான் கிடைத்தார். கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை விடுகிறவர். முதல் புதன்கிழமை லோடு வண்டிக்காரர் பெருமாளின் வண்டியில் வந்து இறங்கியது அந்த வெள்ளைப் பெண் குதிரை. வாலில் மருதாணி, கழுத்தில் சலங்கை, முகம் முழுக்கத் தொங்கும் ஜிகினா மணிச்சரம்.

"அந்த மணியெல்லாம் கழட்டிடலாமா பாய்?"

"கழட்டினா பேஜார் பண்ணுவா சார். அது இருந்தாத்தான் டூட்டில இருக்கோம்னு நெனைப்பா."

இன்பராஜுக்கும் அந்த முகத்தைப் பக்கத்தில் பார்க்க அப்படியொன்றும் ஆசையில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெல்லக்கட்டியை நீட்டினான். குதிரை அதை நாசூக்காக எடுத்துக்கொண்டு அவன் உள்ளங்கையை நக்கியது. வளைகிற கம்பியை முதுகில் வைத்து அளவெடுத்து, காகிதத்தில் வரைந்து, சேணத்தின் அகலத்தை முடிவு செய்கிற இரும்புத் தகடுகளில் நடுத்தரமானதை எடுத்து உள்ளே வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. 'என்னை அதற்குப் பிடித்துவிட்டது' என்று அன்றைக்கு ஹெலனிடம் மூன்று தடவை சொன்னான்.

இரண்டாவது புதன்கிழமையான இன்றைக்கு, அதே வெல்லத்தை அது முகர்ந்து பார்த்துத் துப்பிவிட்டது. இன்பராஜுக்கு மனசு விட்டுப்போயிற்று.

"கோவமா இருக்காளா பாய்?"

"இவளுக்கு வெல்லம் புடிக்காது சார்."

"போன வாரம் துன்னாளே!"

"துன்னிருப்பா" என்றார் சத்தார்.

வேறு வழியில்லை. இன்பராஜ் சேணத்தைப் பிரித்தான். நடுத்தரத் தகட்டைக் கழற்றி அகலத் தகட்டைப் போட்டான். அடியிலிருந்த கம்பளியில் பாதியைப் பிடுங்கினான். இரண்டு மணி நேரம் கழித்துச் சேணம் உட்கார்ந்தது. வீடியோவும் போயிற்று.

மறுநாள் ஜோன் மேடத்திடமிருந்து மெயில். 'ஏழு நாளில் ஒரு குதிரை இவ்வளவு பெருக்குமா? தீனியைக் கவனியுங்கள்.'

இன்பராஜ் 'இங்கே கல்யாண சீசன்' என்று பதில் எழுதிவிட்டு உடனே சத்தாருக்குப் போன் போட்டான்.

"பாய், பொண்ணுக்குக் கொள்ளு பாதியா கம்மி பண்ணுங்க. கல்யாண வீட்ல யாரும் ஊட்டக் கூடாது. காலைல ஒரு மணி நேரம் நடக்க வைங்க."

"செஞ்சுடலாம் சார்."

மூன்றாவது புதன்கிழமை பெருமாள் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் இன்பராஜ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. முதுகு மேடு கத்தி மாதிரி நின்றது. சேணத்தை வைத்தான். அது தொபுக்கென்று இறங்கி எலும்பு மேலேயே குந்திக்கொண்டது.

"ஐயோ! பாய்! எவ்ளோ கம்மி பண்ணீங்க?"

"நீங்க சொன்ன மாதிரி பாதி சார்."

"பாதிக்கா இப்படி ஆய்ட்டா?"

"இவளுக்கு என்ன போட்டாலும் ஒடம்புல ஒட்டாது சார்."

"போன வாரம் நேர்மாறா இல்ல இருந்தது!"

"அது போன வாரம் சார்" என்றார் சத்தார். அந்த விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது என்பது போல வெற்றிலையைத் துப்ப ஓரமாகப் போனார்.

ஷபீ அஹமது மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். கீழே இறங்கி வந்தே விட்டார்.

"யா அல்லா! இன்பராஜ், ஒரே வாரத்துல கொன்னுட்டியேப்பா! வெள்ளைக்காரம்மா இதைப் பாத்தா ஆர்டர் இல்ல, கேஸ் போடுவாங்க!"

"டயட் சார்... லேசாத்தான் சொன்னேன்..."

"குதிரைக்கு டயட் சொல்ல நீ யாரு? உன் வயித்தப் பாரு!"

இன்பராஜ் சேணத்தை மறுபடி பிரித்தான். ஒடுக்கத் தகட்டைப் போட்டான். போன வாரம் பிடுங்கிய கம்பளியைத் திரும்ப அடைத்து, அது போதாமல் இன்னும் அடைத்தான். குனிந்து வாரைக் கட்டும்போது குதிரை அவன் சட்டைக் காலரைக் கவ்வி ஓர் இழுப்பு இழுத்தது. காலர் தனியாக வந்துவிட்டது. 'இழு தாயி, நான் செஞ்ச பாவத்துக்கு இதுகூட இல்லைன்னா எப்படி' என்று அவன் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கும் வீடியோ போயிற்று.

காலரில்லாத சட்டையைப் பார்த்து ஹெலன் முதலில் சிரித்தாள். காரணத்தைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

"வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டீங்களா?"

"பட்டினி இல்லடி, பாதி..."

"உங்களுக்கு ஒரு தோசை கம்மியா வெச்சா எப்படி இருக்கும்? பாவங்க. நாளைக்கே அஞ்சு கிலோ கொள்ளு வாங்கி அனுப்புங்க. நானும் ஜெபத்துல சொல்றேன்."

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் 'எங்க வீட்டுக்காரரால உடம்பு இளைச்சுப்போன ஒரு பொண்ணுக்காக' என்று கேட்டுக்கொண்டாள். அவசரத்தில் குதிரை என்று சொல்ல மறந்துவிட்டாள். அடுத்த மூன்று நாள் இன்பராஜைப் பார்த்த சபைக்காரர்கள் யாரும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

கொள்ளு பெருமாளின் வண்டியில் பேரணாம்பட்டுக்குப் போயிற்று. ஆனால் அடுத்த வாரம் என்ன உருவத்தில் வந்து இறங்குவாள்? அஞ்சு கிலோவையும் தின்று உருண்டுவிட்டால்? இல்லை, காய்ச்சல் வந்து இன்னும் வாடிவிட்டால்? நாலாவது வாரம் வீடியோ கிடையாது. ஜோன் மேடம் நேரடியாகவே போனில் பார்க்கப்போகிறார். அவர் கண் முன்னால் இரண்டு மணி நேரம் சேணத்தைப் பிரித்துக்கொண்டிருக்க முடியுமா?

இன்பராஜ் டூல் ரூம் காசியைப் பிடித்தான்.

"காசிண்ணே, தையல பிரிக்காம தகடு மாத்தணும். ஒரே சாவி, ஒரே திருகு. அஞ்சு நிமிஷத்துல முடியணும்."

"எதுக்குப்பா இவ்ளோ அவசரம்?"

"அவ மனசு எப்ப எப்படி மாறும்னு எனக்குத் தெரியலண்ணே."

காசி கல்யாணமானவர். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நாலு நாளில் செய்து கொடுத்தார். கம்பளிக்குப் பதிலாகச் செருகி உருவுகிற மூன்று ஜோடி மெத்தையும் தையல் பிரிவில் தயாராகிவிட்டது.

நாலாவது புதன்கிழமை ஷபீ அஹமது புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். போனில் ஜோன் மேடத்தின் முகம், நரைத்த முடியும் பெரிய கண்ணாடியுமாக. மொத்தத் தையல் பிரிவும் ஜன்னலில் நின்றது. வண்டிக் கதவு திறந்தது.

குதிரை ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. இறங்கினதும் நேராக இன்பராஜின் பாக்கெட்டை முகர்ந்தது. அவன் வெல்லத்தை எடுத்து நீட்டினான். நாசூக்காக வாங்கிக்கொண்டு உள்ளங்கையை நக்கியது.

"மன்னிச்சுட்டா சார்!" என்று கத்தியேவிட்டான். "பழைய பொண்ணாவே ஆய்ட்டா!"

அகலத் தகட்டோடு வைத்தான், ஆடியது. "மேடம், ஒரு நிமிஷம்" என்று சாவியைத் திருகினான். ஒடுக்கத் தகடு கவ்வியது. திரும்பத் திருகினான். நடுத்தரத் தகடு உள்ளே போயிற்று. முன் ஓரத்துக்கு அடியில் உள்ளங்கையை விட்டான். போயிற்று, வந்தது. மொத்தம் நாலரை நிமிஷம்.

ஷபீ அஹமது உதட்டுக்குள்ளே ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

பிறகு ஜோன் மேடம் பேசினார். நாற்பது வருஷமாக நான் குதிரையோடு இருக்கிறேன், ஒரு மாசத்தில் ஒரு குதிரை பெருத்து, இளைத்து, பழையபடி ஆனதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். எங்கள் ஊரில் எல்லாரும் ஒருமுறை பொருத்தினால் ஆயுசுக்கும் போதும் என்று பொய் சொல்லி விற்கிறார்கள், நீங்கள் ஒருவர்தான் குதிரை மாறும் என்று மறைக்காமல் காட்டினீர்கள் என்றார். உங்கள் ஊரில் கல்யாண சீசன் எத்தனை மாசம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்த மூன்று தகட்டுச் சேணம்தான் தனக்கு வேண்டும், விளம்பரத்துக்கு மூன்று வார வீடியோக்களோடு இன்றைக்குப் போனில் பதிவு செய்ததும் வேண்டும், தலைப்புகூட யோசித்துவிட்டதாகச் சொன்னார்: 'ஒரே குதிரை, நாலு வாரம், ஒளிவுமறைவு இல்லை.'

தையல் பிரிவு கை தட்டியது. சலங்கைச் சத்தத்துக்குப் பழகிய குதிரை அதைக் கல்யாணம் என்று நினைத்து இரண்டு எட்டு ஆடியது. ஷபீ அஹமது இன்பராஜைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நாளைலேர்ந்து நீ ஃபிட்டிங் இன்சார்ஜ். அந்தம்மா உன் பேரைக் கேட்டு எழுதினாங்கப்பா!"

இன்பராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெலனுக்குப் போன் போட்டு, "இனிமே பக்கெட்டே வேணாண்டி" என்றான். அவள் அந்தப் பக்கம் அழுதாள், சிரித்தாள், சாயங்காலம் பிரியாணி வாங்கி வரச் சொன்னாள். அவன் குதிரையின் பக்கத்தில் போய், பயமே இல்லாமல், முதல் தடவையாக அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தான்.

சத்தார் கேன்டீனுக்கு டீ குடிக்கப் போயிருந்தார். லோடு வண்டிக்காரர் பெருமாள் பலகையைச் சாய்த்துவிட்டு, குதிரையை ஏற்றிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"அடுத்த புதன்கெழமையும் உண்டா சார்? இருந்தா எந்தக் குதிரைன்னு முன்னாடியே சொல்லிடுங்க, பாய்கிட்ட இருக்கற மூணு வெள்ளைல எது அன்னிக்குக் கல்யாணத்துக்குப் போவலியோ அதைத்தான் இத்தினி நாளா ஏத்திக்கினு வர்றேன்."