மருதப்பனார் நுரைமானை எய்த படலம்

வாழ்க சிங்கைத் தெம்பனிஸ் திருநகர்! வாழ்க அதன் பதினோராம் மாடியில் கொலுவீற்றிருக்கும் குன்றாப் புகழோன்! பாதி வழியில் நின்று பலரைக் கலங்கடிக்கும் மின்தூக்கிகளையெல்லாம் தன் திருப்புளி முனையால் அடக்கி ஏற்றியிறக்கும் எந்திர வித்தகன், ஞாயிறு தவறாது நாணேற்றும் நாற்பத்தெட்டு வயது நல்லிளங்காளை, கண்மணி கைப்பிடித்த காவலன், மருதப்பப் பெருமகன் வாழ்க! அவர் வீரம் பாடப் புகும் எம் நா குழறாதிருக்கக் காத்தோங்கில் கோயில் கொண்ட ஆனைமுகன் அருள்க. பாடப்போவது ஒரே ஓர் அம்பைப் பற்றித்தான்.

அவ்வம்பின் காரணம் ஓர் இருக்கை. கடற்பாலம் தாண்டி ஜோகூரில் நடக்கும் விலங்குப் பொம்மை வில்போட்டிக்கு ஆறு பேரை வேனில் அனுப்புவது எங்கள் வில்வித்தைக் கழகத்தின் ஆண்டு வழக்கம். மருதப்பனார் மூன்று ஆண்டுகளாக ஏழாமவர். மூன்று முறையும் மற்றவர்களின் பைகளைத் தூக்கி வேனில் அடுக்கிவிட்டு, கதவைச் சாத்தி, கையசைத்துவிட்டு எம்ஆர்டி ரயிலேறி வீடு திரும்பியவர். இவ்வாண்டு ஐந்து இருக்கைகள் நிரம்பி, ஆறாவதற்கு அவரும், பொங்கோல் பல் மருந்தகத்துத் தாதியான ரூபியும் புள்ளிக்குப் புள்ளி சமமாக வந்து நின்றார்கள். அந்த இருக்கை அவருக்கு மெய்யாகவே வேண்டியிருந்தது.

சமனை உடைக்க ஆளுக்கு ஓர் அம்பு, அதுவும் கூடாரத்துக்குள்ளிருந்து, என்று ஆணை பிறந்தது. சிங்கை மண்ணில் மானை வேட்டையாடச் சட்டம் இடம் தராது என்பதால் கழகத்து மான் ரப்பர் நுரையால் வார்த்தது. இலக்காக நிற்பதைத் தவிர வேறு வேலையறியாதது. கூடாரமோ, பையிலிருந்து எடுத்து உதறினால் படாரென்று விரியும் கறுப்புத் துணி மாளிகை. குளிர் நாட்டு வேடர்கள் மானின் கண்ணில் படாமல் அதற்குள் ஒளிந்திருந்து, ஜிப் வைத்த சன்னல் வழியே எய்வார்களாம். புதிதாக வாங்கியது, மடிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

ஆணை வந்த அன்றே தவம் தொடங்கினார் நம் தலைவர். கைப்பேசியில் வேட்டைக் காணொளிகளை விழுங்கினார். இருளில் இருளாகக் கலக்கத் தேக்காக் கடைத்தெருவுக்குப் போய்க் கறுப்புச் சட்டை வாங்கினார். மான் மோப்பம் பிடிக்குமென்று வாசனைச் சோப்பைத் துறந்தார், நெற்றிச் சந்தனம் துறந்தார், மீன் குழம்பையும் துறந்தார்.

"ஏங்க, அது பொம்மை. அதுக்கு மூக்கு இருக்கா?" என்றார் கண்மணி, ஒதுக்கப்பட்ட குழம்பைப் பார்த்தபடி.

"வேட்டைன்னு வந்துட்டா வேட்டைதான் லா!" என்று முழங்கினார் மருதப்பனார். கண்மணி குழம்பை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தார்.

புலர்ந்தது போர்நாள். முதலில் புகுந்தார் பொங்கோல் புலி ரூபி. சன்னலை அகலத் திறந்தார், முக்காலியில் அமர்ந்தார், எய்தார். மான் மார்பின் நடுவட்டத்துக்குப் பத்துப் புள்ளி, அதைச் சூழ்ந்த வட்டத்துக்கு எட்டு. ரூபிக்கு எட்டு.

பத்து எடுத்தால் இருக்கை நமது! துந்துபி முழங்காத குறையாக உள்ளே நுழைந்தார் மருதப்பனார். நண்பகல் வெயில் கூடாரத்தை இட்லிச் சட்டியாக்கிவிட்டிருந்தது. புருவத்தில் ஊற்றெடுத்த வியர்வை மூக்குநுனியில் அருவியாகி முழங்காலில் கடலாயிற்று. கலங்கினாரா? இல்லை! சன்னல் வழியே நோக்கினார்; நுரைமானும் அவரை நோக்கியது. நேருக்கு நேராக, இமைக்காமல் நோக்கியது. கற்ற பாடமெல்லாம் கண்முன் அணிவகுக்க, மெல்ல, மிக மெல்ல, ஓசையெழாமல் ஜிப்பை இழுத்துச் சன்னலை மூடி, கண்ணுக்கு நேரே நான்கு விரற்கடை மட்டும் விட்டுவைத்தார்.

"ரெண்டு நிமிசம்தாண்ணே!" என்று வெளியே பறையறைந்தார் நடுவர் ரஃபீக்.

வளைந்தது வில்! தோள்கள் திமிர, நாண் செவியளவும் நீள, மூன்றாண்டுகளாகப் பை தூக்கிய கரம் முதன்முறையாகத் தன் பையைத் தானே வேனில் ஏற்றும் காட்சியை நெஞ்சில் நிறுத்தி, அந்த நான்கு விரற்கடை ஒளியில் மானின் மார்பை மட்டும் கண்டு, மூச்சடக்கி, முக்கண்ணனை நினைந்து, விட்டார் கணையை. இடியென ஓர் ஓசை எழ, எட்டுத்திசையும் திகைக்க, பறந்த அக்கணை, கண்ணுக்குக் கீழே கிடந்த கணை, அந்த இடுக்குக்குக் கீழே மூடியிருந்த சன்னல் துணியைக் கிழித்துப் புறப்பட்டு, கிழித்த வேகத்தில் திசைமாறி மேலெழுந்து, மானின் வலக்கொம்பில் போய்க் குத்தி நின்று நடுங்கியது.

"கொம்பு! கொம்புல பட்டா கணக்குல இல்ல. ஸீரோ!" என்று பிரகடனம் செய்தார் ரஃபீக்.

ரூபி ஓடி வந்து கூடாரத்துக்குள் தலையை நீட்டினார். "ஐயோ அண்ணே, ஜிப்ப ஏன் மூடினீங்க? கண்ணுக்குத் தெரிஞ்சா போதுமா, அம்பு கீழேல்ல இருக்கு?"

"திறந்து வெச்சா பாத்துடுமேம்மா."

"யாரு?"

மருதப்பனார் மானைக் காட்டினார்.

ரூபி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். வெளியே நின்ற ரஃபீக்கால் அதுகூட முடியவில்லை. கடைசியில் மருதப்பனாரும் சிரித்துவிட்டார். ஆனாலும் முகத்து வியர்வையைச் சற்று அதிக நேரமே துடைத்துக்கொண்டிருந்தார். விண்ணவர் பூமாரி பொழியவில்லை, முரசங்கள் அதிரவில்லை, வெற்றித் திருமகளோ முகவரி மாறிப் பொங்கோல் நோக்கிப் புறப்பட்டுவிட்டாள்.

சனிக்கிழமை ரூபி ஜோகூருக்குப் போனார், மருதப்பன் வீட்டில் துணி காயப் போட்டார்.