மூச்சும் முத்தாண்டிக்குப்பத்துப் பலாவும்

இந்த வருஷம் பலாப்பழம் தின்றே தீருவது என்று சைமன்ராஜ் முடிவு கட்டிவிட்டான்.

சும்மா வாய்ச்சவடால் இல்லை. மைன்ஸில் பகல் ஷிப்ட் முடித்து, கன்வேயர் பெல்ட்டின் தூசி காதுக்குள் கரகரக்க, ஷிப்ட் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே எடுத்த முடிவு. எடுக்க வைத்தவன் பக்கத்தில் தொங்கிய கண்ணையன். முத்தாண்டிக்குப்பத்துக்காரன். வீட்டுக் கொல்லையில் பலாமரம் வைத்திருப்பவன். வருஷா வருஷம் அந்த மரத்தில் முதல் பழம் அறுக்கிற ஞாயிற்றுக்கிழமை செக்‌ஷன் ஆட்கள் மொத்தமும் மரத்தடியில் ஆஜராகிவிடுவார்கள்.

"இந்தத் தடவ வேர்லயே காச்சிருக்குது சைமனு. இன்னும் ஒரு மாசத்துல வாசன தெரு முனை வரைக்கும் வந்துடும். போன வருஷம் மாதிரி வராம இருந்துடாத."

"வர்றேன்யா."

"வூட்ல விடுவாங்களா?"

அங்கேதானே சிக்கல்!

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சைமன்ராஜுக்குச் சுகர் வந்தது. டாக்டர் சொன்னதில் பாதி அவன் காதில் விழவில்லை. அந்தப் பாதியையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள் அவன் மனைவி ஏஞ்சலின். அன்றிலிருந்து வீட்டில் சர்க்கரை டப்பா இருக்கிற இடம் அவனுக்குத் தெரியாது. பண்ருட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சித்திரை பிறந்தால் டவுன்ஷிப்பில் மூலைக்கு மூலை தள்ளுவண்டியில் பலாச்சுளை மஞ்சள் மஞ்சளாகச் சிரிக்கிற ஊரில், ஒரு மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதென்றால் அது என்ன பிழைப்பு!

பொய் சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். போன வருஷம் அதைத்தான் செய்து பார்த்தான்.

"ஏஞ்சலு, ஜெயகணேஷ் வீட்டு கிரகப்பிரவேசம். போய்ட்டு வந்துடறேன்."

அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. "எந்த மரத்தடியில கிரகப்பிரவேசம்?" என்றாள்.

ஏஞ்சலின் கோயில் பாட்டுக்குழுவை நடத்துகிறவள். அத்தனை குரல் ஒன்றாகப் பாடும்போது, யார் வரிக்கு நடுவில் திருட்டுத்தனமாக மூச்சு எடுத்தார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்ட காதுக்கு வீட்டில் இருக்கிற ஒற்றைப் புருஷன் எம்மாத்திரம்? பொய் சொல்ல வாயைத் திறந்தால் சைமன்ராஜுக்கு மூச்சு மூக்கிலேயே நின்றுவிடும். பிறகு சன்னமாக ஒரு விசில். அதற்குப் பிறகு 'புஸ்'. இதை அவளே ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது போட்டு உடைத்தாள்.

"லட்டு தின்னீங்களா?"

"இல்லையே."

"மூச்சு நின்னுச்சு. ரெண்டா, மூணா?"

"ரெண்டு."

"இப்பவும் நின்னுச்சு."

"மூணு."

"ம்."

ஆக, பிரச்சினை பலாப்பழத்தில் இல்லை. ஏஞ்சலினிடத்திலும் இல்லை. மூச்சில் இருக்கிறது! பஸ்ஸிலிருந்து இறங்கிய சைமன்ராஜுக்கு இந்த உண்மை பளிச்சென்று புரிந்த அதே நேரத்தில், டவுன்ஷிப் கிளப் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசும் கண்ணில் பட்டது. 'மூச்சு தியானப் பயிற்சி. தினமும் காலை. அனைவரும் வருக.' அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆண்டவரே நோட்டீஸ் ஒட்டின மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் போய் முதல் ஆளாகச் சம்மணம் போட்டான்.

தெர்மல் மின் நிலையத்தில் ரிட்டயர் ஆன மதிவாணன்தான் மாஸ்டர். அதிர்ந்து பேசாத மனுஷர்.

"மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். உள்ள போகுதா, போகுதுன்னு தெரியணும். வெளிய வருதா, வருதுன்னு தெரியணும். மனசு வேற எங்கயாவது போச்சுன்னா கோவப்படாம கூட்டிட்டு வந்துடுங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொல்லிவிட்டார். கண்ணை மூடியதும் சைமன்ராஜுக்கு முட்டி வலித்தது. காது அரித்தது. சரி, மூச்சைப் பார்ப்போம் என்று மூக்கு நுனிக்கு வந்தான். அந்தப் பாழாய்ப்போன நேரத்தில்தானா கிளப் வாசலில் பலாப்பழ வண்டிக்காரன் வந்து நிற்க வேண்டும்? உள்ளே போகிற மூச்செல்லாம் பலா. வெளியே வருகிற மூச்செல்லாம் பெருமூச்சு. மனசு முத்தாண்டிக்குப்பத்துக்கு ஓடியது. கூட்டிக்கொண்டு வந்தான். மறுபடி ஓடியது. ஒரு வாரம் இந்த ஓட்டம்தான்.

ஆனால் ஆள் விடவில்லை. ஒருநாள் காலையில், எப்படியென்றே தெரியாமல், மூச்சு அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அவன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். வெறும் மூச்சு. அதில் பலாவும் இல்லை, பயமும் இல்லை. கண்ணைத் திறந்தபோது சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாஸ்டர்! வந்துடுச்சு!"

"நல்லது. ஆனா இங்க உக்காந்து பாக்கறது பாதிதான். பல்லு விளக்கறப்ப, மாடி ஏர்றப்ப, சாப்பிடறப்ப, சண்ட போடறப்ப, எல்லாத்துலயும் மூச்சு மேல ஒரு கண்ணு இருக்கணும். அப்பதான் முழுசு."

"யார்கிட்டயாவது சங்கடமான விஷயம் பேசறப்ப?"

"அப்பவும்தான். கவனிச்சீங்கன்னா மூச்சு தடுமாறாது."

"வீட்டுக்காரம்மாகிட்ட பேசினாலும்?"

மதிவாணன் கொஞ்சம் யோசித்தார். "கஷ்டம். முயற்சி பண்ணுங்க," என்றார்.

வீட்டுக்கு ஓடினான். மாஸ்டர் சொன்னதை, கடைசி இரண்டு கேள்வியை மட்டும் விழுங்கிவிட்டு, ஏஞ்சலினிடம் வரிக்கு வரி ஒப்பித்தான்.

"பரவால்லையே," என்றாள் அவள். "அப்ப எல்லா நேரமும் கவனிப்பீங்க?"

"எல்லா நேரமும்!"

அன்றைக்கே முதல் பரீட்சை வைத்துப் பார்த்தான். கேன்டீனில் சர்க்கரை போட்டு டீ குடித்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"டீ குடிச்சீங்களா?"

உள்ளே போகிறது. தெரிகிறது. வெளியே வருகிறது. தெரிகிறது. "சர்க்கரை இல்லாமதான் குடிச்சேன்."

நிற்கவில்லை! விசில் இல்லை! புஸ் இல்லை! ஏஞ்சலின் அவனை ஒருமுறை பார்த்தாள். "சரிங்க," என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சைமன்ராஜ் குதித்தான். இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் முதல் 'சரிங்க'! அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பாகற்காய்க் குழம்பு. அது கிடக்கட்டும், ஜெயித்தவனுக்குக் குழம்பு ஒரு பொருட்டா?

நாலு நாள் கழித்து பஜ்ஜியும் ஜாங்கிரியும்.

"வெளிய ஏதாவது தின்னீங்களா?"

"பச்சத் தண்ணி." மூச்சு தாலாட்டு மாதிரி போய் வந்தது.

"சரிங்க."

ராத்திரி பாகற்காய் வறுவல். அடுத்த வாரம் செக்‌ஷனில் யாருக்கோ புரமோஷன், மைசூர்பாகு. அன்றைக்குப் பாகற்காய்ப் பச்சடி. சந்தையில் பாகற்காய் மலிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் சைமன்ராஜ். தியானம் கைகூடினவனுக்கு இந்தச் சின்ன விஷயமெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

பழம் அறுக்கிற ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. முதல் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஏஞ்சலின் முன்னால் யூனிபார்ம், சேப்டி ஷூ, தலையில் ஹெல்மெட் என்று முழு அலங்காரத்தில் வந்து நின்றான்.

"இன்னிக்கா டூட்டி?"

"பெல்ட் அறுந்துபோச்சாம். அவசரமா கூப்டுட்டாங்க."

"பூசை?"

"ஆண்டவருக்குத் தெரியாதா ஏஞ்சலு, அவசர வேலைன்னு?"

இவ்வளவு பெரிய பொய். ஆண்டவரையும் சேர்த்து இழுத்த பொய். மூச்சு? ஏரித் தண்ணீர் மாதிரி. அவனுக்கே அவன்மேல் மரியாதை வந்தது.

"பத்திரமா போய்ட்டு வாங்க," என்று டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தாள் ஏஞ்சலின். அந்த அன்பைப் பார்த்து அவனுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது. தெரு திரும்புவதற்குள் போய்விட்டது.

யாராவது பார்த்துச் சொல்லிவிடக் கூடாதே என்று மைன்ஸ் பக்கமாக வண்டியை விட்டு, ஒரு டீக்கடையில் வெகுநேரம் குந்தியிருந்து, அப்புறம்தான் முத்தாண்டிக்குப்பம் ரோட்டைப் பிடித்தான். வழியெல்லாம் பாட்டு. முந்திரித் தோப்பைத் தாண்டும்போதே வாசனை ஆளை இழுத்தது. கண்ணையன் வீட்டு வாசலில் வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கொல்லைப்பக்கம் ஓடினான்.

மரத்தடியில் சாக்கு விரித்திருந்தது. செக்‌ஷன் ஆட்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய பழம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. முழங்கை வரைக்கும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, சுளை சுளையாக எடுத்துத் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள் ஏஞ்சலின்.

"வாங்க," என்றாள். "பெல்ட்டை ஒட்டியாச்சா?"

சைமன்ராஜுக்கு உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை.

"அக்கா அப்பவே வந்துட்டாங்கண்ணே," என்றாள் கண்ணையன் மனைவி பொற்கொடி. "போன வாரமே போன் பண்ணி, என்னிக்கு அறுக்கறீங்கன்னு கேட்டுகினாங்க."

கண்ணையன் வானத்தைப் பார்த்தான்.

"எப்படி ஏஞ்சலு?" சைமன்ராஜின் குரல் உடைந்துபோய் வந்தது. "மூச்சு நிக்கவே இல்லையே! விசில்கூட வரலையே!"

"வரல. அதனாலதான் தெரிஞ்சுது."

"என்னது?"

"உங்க மூச்சு என்னிக்குங்க ஒழுங்கா வந்திருக்கு? மாடி ஏறினா இரைக்கும். செருப்பத் தேடினா இரைக்கும். டிவில மேட்ச் பாத்தா இரைக்கும். குட்மார்னிங் சொன்னாக்கூட புஸ்ஸுன்னுதான் சொல்லுவீங்க. திடீர்னு ஒருநாள், டீயில சர்க்கரை போடலன்னு சொல்றப்ப மட்டும், தொட்டில்ல தூங்கற புள்ள மாதிரி மூச்சு விடறீங்க! மாஸ்டர் எல்லா நேரமும் கவனிக்கச் சொன்னாரு. நீங்க பொய் சொல்றப்ப மட்டும்தான கவனிச்சீங்க?"

செக்‌ஷன் மொத்தமும் சிரித்தது. சைமன்ராஜ் சாக்கில் தொப்பென்று உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தான். பாகற்காய்ப் பொரியல். ஒவ்வொரு பாகற்காயும் இப்போது வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

"அப்ப பாவக்கா..."

"ஆமா. பொய்க்கு ஒண்ணு."

சிரிப்பு அடங்கியதும் ஏஞ்சலின் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "உங்க அப்பாவுக்குச் சுகர்ல கால் விரலை எடுத்தப்ப ஆஸ்பத்திரில கூட இருந்தது நான்தான். நீங்க வெளிய நின்னு அழுதுட்டு இருந்தீங்க. எனக்கு பயமா இருக்குங்க. அது தவிர பலாப்பழத்து மேல எனக்கு என்ன விரோதம்?"

சைமன்ராஜ் டிபன் பாக்ஸை மூடினான். "இனிமே பண்ண மாட்டேன் ஏஞ்சலு," என்றான். மூச்சு இரைத்தது, தடுக்கியது, விசிலடித்தது.

"இது நெசம்," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாம்பாளத்திலிருந்து ஒரு சுளையை எடுத்தாள். "டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஒரே ஒரு சுளை. உங்களுக்காகத்தான் எடுத்து வெச்சேன். மெதுவா, கவனிச்சு சாப்பிடுங்க. நாக்குல படறது, கடிக்கறது, மூச்சு, எல்லாத்தையும்."

இரண்டு வருஷம்! அந்தச் சுளை பொன் மாதிரி மின்னியது. வாயில் போட்டான். அடுத்த நொடி வாயில் கொட்டை மட்டும் இருந்தது. எப்போது கடித்தான், எப்போது விழுங்கினான், கர்த்தருக்கே வெளிச்சம். இத்தனை நாள் பயிற்சியில் கவனிக்க வேண்டிய ஒரே இடத்தைக் கோட்டை விட்டுவிட்டான்!

"எப்படி இருந்துச்சு?" என்றாள் ஏஞ்சலின்.

"அதுக்குள்ள போய்டுச்சு."

கண்ணையனுக்கு மனசு கேட்கவில்லை. தாம்பாளத்தை நைசாக நகர்த்தினான். "இன்னொன்னு எடுத்துக்கயேன் சைமனு."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏஞ்சலினும் பார்த்துக்கொண்டிருந்தாள். சைமன்ராஜ் முதுகை நிமிர்த்தினான். கண்ணை லேசாக மூடினான். மூச்சு மெல்ல உள்ளே போனது. மெல்ல வெளியே வந்தது.

"வேணாம்யா. எனக்கு ஆசையே இல்ல."

ஏஞ்சலின் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பாத்தியா பொற்கொடி, எவ்ளோ அழகா மூச்சு விடறாரு!"