கலர் மாஸ்டர் குத்தி வைத்த துணித்துண்டு

இதை எழுத நாலு வருஷம் தயங்கினேன். எழுதினால், கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோனதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முருகன் மன்னித்துவிட்டான் என்று மனசு சொல்கிறது, எழுதுகிறேன்.

திருப்பூரில் எத்தனையோ பனியன் கம்பெனி உண்டு. எங்கள் கலர் மாஸ்டரைப் போலப் பயமுறுத்துகிற மனிதர் எதிலும் கிடையாது. அவர் குரலை உயர்த்தவே மாட்டார். "ஏனுங்க சாமி" என்பார். அதற்கே நாங்கள் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்போம்.

சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி கேட்ட நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒவ்வொரு ரோலின் முனையையும் வெயிலில் பிடித்துப் பார்த்து, சாக்பீஸில் டிக் போடுவார். அந்த டிக் இல்லாமல் கட்டிங் மாஸ்டரான நான் துணியில் கத்தி வைக்க முடியாது.

சாப்பாட்டு நேரத்தில் அவர் பேரரசர். செல்போனில் கோட்டை கட்டிச் சண்டை போடும் விளையாட்டு. எங்களில் பதினொரு பேரை அதில் இழுத்துவிட்டிருந்தார். போன் திரை போதவில்லை என்று அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக் குடோன் சுவரில் ஒட்டி, அந்த உலகத்தையே வரைந்தார். ஆளுக்கொரு துணித்துண்டு, குண்டூசியில். கூட்டாளி பச்சை, எதிரி சிவப்பு, துரோகி கறுப்பு.

அயர்ன் மாஸ்டர் ஒருமுறை ஆசைப்பட்டு விளையாட்டில் கலர் மாஸ்டரின் நெல் களஞ்சியத்தைக் கொள்ளையடித்தார். மறுநாளே சிவப்பு. ஒரு வாரம் அவரோடு பேச்சில்லை, டீயில்லை. கறுப்பு மட்டும் அதுவரை யாருக்கும் குத்தப்படவில்லை.

"எனக்குச் செவப்போட போச்சுங்க. நீங்க கறுப்பானா உங்க துணிக்கு டிக்கே உழுகாதுங்க" என்று அயர்ன் மாஸ்டர் என் காதில் ஓதினார்.

ஒரு கிருத்திகையன்று வழக்கம்போல் லீவு போட்டுச் சிவன்மலை போனேன். முருகன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். சட்டைப்பையில் போன், விளையாட்டை மூட மறந்திருந்தேன். வேர்வை நெஞ்சு அழுந்தியதில் என் குதிரைப்படை கிளம்பிவிட்டது. எழுந்து திருநீறு பூசிக்கொண்டு போனைப் பார்க்கிறேன், கலர் மாஸ்டரின் தலைநகரம் எரிகிறது!

"ஏனுங்க, சாமி முன்னால இப்புடி நடுங்கறீங்க?" என்றாள் என் வீட்டுக்காரி.

"சாமிக்கு இல்ல, மாஸ்டருக்கு."

மறுநாள் அவசர ஆர்டர். மதியத்துக்குள் வெட்டி முடிக்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் படிக்கிற பெண்பிள்ளைகள் இரண்டு பேர். சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே குடோனுக்குள் நுழைந்தேன். மங்கலான மஞ்சள் பல்பு. வரைபடத்தில் என் பச்சையைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பு.

கவசத்தில் அடுத்த வரி மறந்துபோனது.

"ஏனுங்க சாமி." முதுகுக்குப் பின்னால் அவர்.

"மாஸ்டர், வேணும்னு பண்ணலீங்க! முருகன் சத்தியமா…"

"எத்தன வருசமா துணி வெட்டறீங்க?"

"பதினெட்டுங்க."

"பதினெட்டு வருசம் வெட்டிப்போட்டு, மஞ்ச பல்புல நின்னு கலர் பாக்கறீங்களே?"

குண்டூசியைப் பிடுங்கினார். என் கையைப் பிடித்து வெயிலுக்கு இழுத்துப்போய் உள்ளங்கையில் துண்டை வைத்தார். கறுப்பில்லை. மயில் நீலம்.

"நேத்துப் பத்து மணிக்கு நம்ம கோட்ட மேல படை வந்துச்சுங்க. கிருத்திக அன்னிக்குப் பத்து மணிக்கு நீங்க எங்க உழுந்து கெடப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? சாமிகிட்ட இருந்து கெளம்புன படையப் போயி எதிரின்னு குத்தறதுங்களா? அதான் புதுசா ஒரு கலர். இத ஆரும் தொடக்கூடாது."

"உங்க தலைநகரம் எரிஞ்சு போச்சுங்களே, மாஸ்டர்?"

"கட்டிக்கலாமுங்க. போயி வெட்டுங்க, வெயில் வந்ததுமே டிக் போட்டாச்சு."

மேசைக்கு ஓடினேன். அத்தனை ரோலிலும் வெள்ளைக் கோடு. மதியத்துக்குள் வெட்டி முடித்தேன்.

மாஸ்டர் இப்போது வேலையை விட்டுப் பொங்கலூரில் மகளோடு இருக்கிறார். அந்தத் துண்டு என் சாமி அலமாரியில், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கலரை மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் பகலில் வாருங்கள், வெயிலில் வைத்துக் காட்டுகிறேன்.