குதிரையை உடனே ஏற்றிக்கொண்டு போகச் சொல்லித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் என்ன, குதிரையை எங்கள் வீட்டுப் பின்பக்கம் இறக்கிவிட்டுப் போய்விட்டாயே. இங்கே உன் அத்தான், நான், குதிரை என்று மூன்று பேர். மூன்று பேருக்கும் உடம்பு சரியில்லை. கடிதம் கண்டதும் காலி லாரியோடு புறப்பட்டு வந்து அதை ஏற்றிக்கொண்டு போ. எங்கே கொண்டுபோய் விடுவாய் என்று நான் கேட்கமாட்டேன்.

உனக்கே தெரியும், எல்லாம் இதய மருத்துவரிடம் ஆரம்பித்தது. "உடம்ப அசைக்கலேன்னா அடுத்த தடவ நீங்க நடந்து வரமாட்டீங்க, தூக்கிட்டுத்தான் வருவாங்க" என்று உன் அத்தானிடம் முகத்துக்கு நேரே சொன்னார். ஆயுள் முழுக்க ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்த மனுஷனோ, உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய உடற்பயிற்சி எது என்று யோசித்துக் குதிரைச் சவாரியைக் கண்டுபிடித்தார். நீயும் "அதுக்கென்ன அத்தான்" என்று, பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுத்த ஒரு கிழத்தை லாரியில் ஏற்றி வந்தாய். "குதிரை ஓடுது, எனக்கு வேர்க்குது, இது உடற்பயிற்சி இல்லாம வேறென்ன?" என்றார். வேர்த்தது பயத்தில். அவர் கனத்துக்கு அதன் முதுகு ஒரே வாரத்தில் புண்ணாகிவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து புண்ணைப் பார்த்தார், பிறகு இவரை ஏற இறங்கப் பார்த்தார். "முதல்ல நீங்க இளைங்க சார், அப்புறம் ஏறலாம். இடுப்புலயும் தொடையிலயும் பலம் இல்லாதவங்க சேணத்துல மூட்ட மாதிரி விழுவாங்க. வலி குதிரைக்குத்தானே?" என்றார். அன்றிலிருந்து என் சோபாவின் கைப்பிடிதான் குதிரை. ஜன்னல் கம்பியில் கடிவாள வாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கைப்பிடி பிளந்துவிட்டது. அந்தப் புண்ணுக்கு மருந்து போட யாரும் வரவில்லை.

இதற்கிடையில் குதிரைமேல் இரக்கம் பொங்கி, வாளி வாளியாகத் தானியத்தைக் கொட்டினார். அது வயிற்று வலியில் தரையில் புரண்டது. தன் விலாவைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தது, பாவம். கால்நடை மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு எப்படியோ காப்பாற்றினார். போகும்போது, "வயசான உடம்பு. குடல் சுத்திக்கிச்சுன்னா நான் வந்தும் பிரயோஜனமில்ல. தானியத்த நிறுத்துங்க, காஞ்ச புல் போதும். ரெண்டு வேளையும் நல்லா நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான், என் குடித்தனம் போயிற்று. தெருமுனைக் கடைக்குப் போகச் சொன்னாலே முட்டியைப் பிடித்துக்கொள்கிறவர், இந்த நாலைந்து மாதமாக மழையென்றும் பார்ப்பதில்லை, வெயிலென்றும் பார்ப்பதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரயில் தண்டவாளம் வரைக்கும் போய்த் திரும்புகிறார். திரும்பி வந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு லத்தி எவ்வளவு அழகா போட்டான் தெரியுமா, நீ வந்து பாரேன்" என்கிறார். எனக்கு அதுதான் குறைச்சல்! அதன் உதட்டைத் தூக்கி ஈறு நல்ல நிறமாக இருக்கிறதா என்று பார்க்கிறார், குளம்பைக் குடைந்து கல் எடுக்கிறார். போன வாரம் எனக்குக் காய்ச்சல். என் நெற்றியில் கை வைத்துப் பார்க்க ஆளில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு குதிரையைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. அவருடைய கால்சட்டை எதுவும் இப்போது இடுப்பில் நிற்பதில்லை. குதிரைக் கயிற்றில் ஒரு துண்டை வெட்டிக் கட்டிக்கொண்டு போகிறார். தெருவே சிரிக்கிறது, மானம் போகிறது. "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று நேற்று தீர்த்துச் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல், குதிரையில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் அதற்கு மறுபடியும் வயிற்று வலி வந்துவிட்டது. நாங்கள் மாறி மாறி நடத்தினோம், நானும்தான். இந்தத் தடவை குடல் சுற்றிக்கொண்டது. வலியில்லாமல் சாக ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். உன் அத்தான் அதன் தலையை மடியில் வைத்திருந்தார். வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அதற்கப்புறம் நடக்க எழவே இல்லை. நெஞ்சு பாரமாக இருக்கிறதாம். இதய மருத்துவரிடம் ஓடினேன். "நல்லா தேறி வந்தாரே, இவ்வளவு நாள் என்ன செஞ்சாரோ அதையே செய்யச் சொல்லுங்கம்மா, நிறுத்தினா நான் பொறுப்பில்ல" என்கிறார். "எழுந்து நடங்களேன்" என்று கெஞ்சினேன். "யாருக்காக?" என்றார். என் முகத்தைப் பார்த்தே கேட்கிறார் தம்பி. நான் என்ன செய்யட்டும்?

லாரியோடு வா, ஆனால் காலியாக வராதே. கிழமோ நொண்டியோ, ஒரு கண் இல்லாததோ, ஏதாவது ஒரு குதிரை. ரெண்டு வேளையும் நடத்தாவிட்டால் செத்துப்போகும் என்று மருத்துவர் சொன்னதாகப் பார்த்து ஏற்றி வா.