ஆபீசருக்கு டிராக்டர் ட்யூப்

செங்கல்பட்டுக்குப் போய் ரெண்டு ட்யூப் வாங்கிட்டு வரணும். அந்தச் சனிக்கிழமை எனக்கு வேற வேலையே இல்லை.

எழுபத்தஞ்சோ, எழுபத்தாறோ. மறுநாள் ஆபீசுல குடும்பத்தோட பிக்னிக். மகாபலிபுரத்துக்குத் தெக்கே உப்பங்கழியில, காத்தடிச்ச ட்யூப்புல ஆளை உக்கார வெச்சு மோட்டார் படகுல கட்டி இழுக்கணுமாம். எவனோ வெள்ளைக்காரன் அப்படிப் போற போட்டோவை எங்க ஆபீசர் பத்திரிகையில பாத்துட்டாரு!

"நான் வாங்கறேன் சார்!"னு முந்திக்கிட்டேன். காரணம், குவார்ட்டர்ஸ். கல்யாணமாகி ஒரு வருஷமா திருக்கழுக்குன்றத்துல ஒத்த ரூம். காலியா இருந்தது ஒரே வீடு. சர்வீஸ் பாத்தா ஆபீசுல நான்தான் கடைசி. ஆனா வீடு யாருக்குன்னு எழுதறவர் ஆபீசர்.

பஞ்சர் கடை காசிம் பாய் ரெண்டு ட்யூப்பை எடுத்துப் போட்டாரு. ஒண்ணு லாரி ட்யூப். இன்னொண்ணு டிராக்டர் பின்சக்கரத்து ட்யூப், என் மார் உசரம்!

"யாரு சார் குந்தப் போறது?"

"ஆபீசரும் ஹெட் கிளார்க்கும்."

"ஆளு எப்பிடி?"

"ஆபீசர் ஊதுவத்தி. ஹெட் கிளார்க் ரெண்டு ஆளு."

"அப்போ ஆபீசருக்கு லாரி ட்யூப்பு. பெருசுல ஓட்டை எம்மாம் பெருசா கீது பாரு! ஒல்லி ஆளு உள்ளாற பூடுவாரு."

எனக்குக் கோபம் வந்துடுச்சு. "பாய், எங்க ஆபீசுல நாற்காலியே கிரேடு பாத்துதான் குடுப்பாங்க. ஆபீசரை விடப் பெரிய ட்யூப்புல ஹெட் கிளார்க் உக்காந்தா என் கதி என்ன?"

"உன் இஷ்டம் சார். அவருக்கு நீச்சல் தெரியுமா?"

ஞாயித்துக்கிழமை டிராக்டர் ட்யூப்பைப் பாத்ததும் ஆபீசருக்கு வாயெல்லாம் பல். "பெருசு எனக்காய்யா?"

"வேற யாருக்கு சார்!" வீட்டுக்காரியைப் பாத்துக் கண்ணடிச்சேன். வீடு நமக்குத்தான்!

வேட்டியை மடிச்சுக் கட்டி ஆபீசர் ஏறி உக்காந்தாரு. படகு ஒரு இழு இழுத்துச்சு. மனுஷன் ரெண்டா மடிஞ்சாரு. முட்டி மூக்கைத் தொட்டுச்சு. அப்புறம் ஆளையே காணோம்!

வேட்டி மட்டும் ட்யூப்போட வால்வுல மாட்டிக்கிட்டு ஜோரா போய்க்கிட்டிருக்கு. படகுக்காரன் திரும்பியே பாக்கலை. பசங்க கை தட்டுதுங்க!

நல்லவேளை, தண்ணி தொடையளவுதான். ஆபீசர் சேறும் சகதியுமா எழுந்து நின்னாரு. கீழே குனிஞ்சு பாத்தாரு. கரையில நிக்கிற பொம்பளைங்களைப் பாத்தாரு. மறுபடி கழுத்து வரைக்கும் உக்காந்துட்டாரு.

"வேட்டி! வேட்டி!"

"அண்ணாத்த, நிறுத்து!"னு கரையோரமா ஓடினேன். இஞ்சின் சத்தத்துல அவனுக்கு எங்க கேக்கும்? சந்தோஷமா கை ஆட்டிட்டுப் போயிட்டான்.

இந்தப் பக்கம் ஹெட் கிளார்க், லாரி ட்யூப்புல கச்சிதமா பொருந்தி மிதந்துகிட்டு வேர்க்கடலை தின்னுகிட்டிருந்தாரு.

கடைசியில சோறு சாப்பிட விரிச்ச ஜமக்காளத்தைச் சுத்திக்கிட்டு ஆபீசர் கரையேறினாரு.

"இதை எந்தக் கணக்குலய்யா எடுத்தே?"

"சீனியாரிட்டி சார்."

"சீனியாரிட்டியா?"ன்னு கேட்டுட்டு ஜமக்காளத்தை இறுக்கிக் கட்டிக்கிட்டாரு.

அடுத்த வாரம் குவார்ட்டர்ஸ் லிஸ்ட் வந்துச்சு. மேல அவர் கையாலயே 'சீனியாரிட்டிப்படி'ன்னு எழுதி, அடியில ரெண்டு கோடு.

பதினெட்டு பேர்ல நான் பதினெட்டாவது.